பிஸ்கெட் டப்பா சொன்ன வாக்கு

பம்பாய் மாதுங்காவில் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவதாக ஒரு பிஸ்கெட் டப்பா பேசியது. எங்கள் நால்வரின் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. டப்பா சொன்னதை மட்டும் செம்பூர் வரைக்கும் நம்பினார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. பகல் முழுவதும் அடுத்தவர் எழுதிய கடிதங்களுக்கு நகல் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்தமாக எதையாவது செய்தே தீரவேண்டும் என்று கை அரிக்கும். மாதுங்காவில் என் வயதுப் பையன்கள் சாயங்காலம் சங்கீதம் கற்றுக்கொண்டார்கள். நான் சத்தம் கற்றுக்கொண்டேன்.

லாமிங்டன் ரோட்டில் ரேடியோ சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. அங்கே கிடைக்காதது பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் கிடைக்கும். சத்தம் போடக்கூடிய எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவேன். மணி, பஸ்ஸர், பழைய டெலிபோனில் காதுப் பக்கம் இருக்கும் வில்லை, எதுவானாலும் சரி. விளக்கு எரியவைக்கும் சாமான்களில் எனக்கு மரியாதை கிடையாது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். சத்தம் போட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும்.

இந்தப் பைத்தியத்துக்கு வீட்டில் ஒரு நியாயமும் இருந்தது. எங்கள் கட்டடத்தில் காலையில் ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர் வரும். சமையலறை மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. அதன் பக்கத்தில் ஒரு பெரிய டிரம். பைப்பைத் திறந்தே வைத்திருப்போம். தண்ணீர் வந்து டிரம் நிரம்பினால் உடனே மூடவேண்டும். மூடாவிட்டால் வழிந்து ஹாலுக்கு வந்துவிடும். டிரம்முக்குக் காவல் என் அக்கா. என்னைவிட நான்கு வயது பெரியவள். ஃபோர்ட்டில் வேறொரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் சீப்போடு டிரம்மை எட்டி எட்டிப் பார்ப்பாள். நிரம்பியதும் அதுவே கூப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

முதலில் எலெக்ட்ரிக் மணி வைத்தேன். தண்ணீரில் மிதக்கும் ஒரு தக்கை மேலே வந்து ஸ்விட்சைத் தொட்டால் மணி அடிக்கும். அடித்தது. மூன்று மாடிக்காரர்களும் தங்கள் வாசல் மணிதான் என்று நினைத்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். எதிர்வீட்டு குஜராத்தி அம்மாள் நாலு நாள் தொடர்ந்து திறந்து பார்த்துவிட்டு, ஏதோ பேய் வந்து மணி அடித்துவிட்டு ஓடுகிறது என்று வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள்.

அடுத்தது பஸ்ஸர். மணியைவிட அடக்கமான சத்தம். ஆனால் அது இரைகிறபோதெல்லாம் உள்ளே பொறி பறக்கும். அந்தப் பொறி கட்டடத்தில் இருந்த எல்லா ரேடியோவிலும் கரகரவென்று கேட்கும். காலைச் செய்தியின் நடுவில் பத்து வீட்டு ரேடியோ ஒரே நேரத்தில் இருமியது. செய்தியில் யார் ராஜினாமா செய்தார் என்று கேட்க முடியாமல் போன ஒரு பெரியவர், நேராக வந்து என் அப்பாவிடம், உங்கள் பையன் தேசத்துக்கு விரோதமாக ஏதாவது செய்கிறானா என்று விசாரித்தார்.

அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இனிமே இந்த ஆத்துல உன் சாமான் ஏதாவது சத்தம் போட்டா, ஒண்ணு அது வெளில போகும், இல்லே நீ வெளில போவே. இந்த கட்பட், ரகளை எல்லாம் இத்தோட போறும்."

அதனால் மூன்றாவதை ஒளித்துச் செய்தேன். இரண்டு டிரான்சிஸ்டர், டார்ச் செல்கள், சோர் பஜார் டெலிபோன் வில்லை. டிரம்மின் வாய்க்குக் கொஞ்சம் கீழே இரண்டு செப்புக் கம்பி முனைகள் தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் வில்லை 'பீ' என்று மெல்லிசாக ஊதவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. புத்தகம் சொன்ன அளவு கண்டென்சர் கடையில் இல்லை. கடைக்காரர் அதைப்போல் பல மடங்கு பெரிதான ஒன்றை எடுத்துக் கையில் வைத்து "சலேகா" என்றார். பரவாயில்லை, ஓடும் என்று அர்த்தம். பம்பாயே அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நானும் சலேகா என்று வாங்கிவந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

'பீ' வரவில்லை. டச், டச், டச் என்றது. வில்லையை ஒரு தட்டையான பிஸ்கெட் டப்பாவுக்குள் வைத்ததும் சத்தம் கொஞ்சம் கனத்து, ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தமாக ஆகிவிட்டது. பல்லி சொல்வதைப்போல் இருந்தது என்று சொன்னால் போதாது. பல்லிகளே பதில் சொல்லின.

டப்பாவை ஹாலில் தெற்குச் சுவரில், லட்சுமி காலண்டருக்குப் பின்னால் மாட்டினேன். ஒயரைக் கதவுச் சட்டத்தின் மேலாக ஓட்டிச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். காலண்டர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. சுவர் ஊதியிருக்கிறது, வீட்டுக்காரனிடம் சொல்லவேண்டும் என்றார் அப்பா. விஷயம் அக்காவுக்கு மட்டும் தெரியும். அவளுக்காகச் செய்ததுதானே. அப்பாவும் அம்மாவும் பல்லி என்றே நம்பினார்கள். பல்லி சொன்னால் அம்மா விரல் மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்பாள். யாராவது ஏதாவது சொல்லும்போது பல்லியும் சொன்னால், அவர் சொன்னது சத்தியம் என்று கணக்கு.

இப்படியாக எங்கள் வீட்டில் தினமும் காலையில் தண்ணீர் நிரம்பும் நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் சத்தியமாகிவிடும். மூன்றாம் மாடி மாமி சல்லடையைத் திருப்பித் தரவே மாட்டாள் என்று ஒருநாள் அம்மா சொன்னாள். டச் டச் என்றது. அம்மா அத்தோடு அந்தச் சல்லடையைத் தலைமுழுகினாள். அப்பாவோ முக்கியமான அபிப்பிராயங்களை எல்லாம் ஆறரை மணி வாக்கில் சொல்லப் பழகிவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வேறு திரவத்தில் விட்டால் எப்படிச் சொல்லும்? ஒரு சாயங்காலம் சமையலறையில் டம்ளர்களை வரிசையாக வைத்துக் கம்பி முனைகளை முக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணீரில் நிதானமாகச் சொன்னது. மோரில் கொஞ்சம் துரிதம். உப்பும் புளியும் சேர்ந்த ரசத்தில் மூச்சுவிடாமல் படபடத்தது. அக்கா வந்து பார்த்தாள்.

"ரசத்தையும் ஜோசியம் கேட்டாச்சா? தள்ளிப்போ. இனிமே அதை யார் சாப்பிடறது?"

"எவ்வளவு ஸ்பீடா சொல்றது பாத்தியா?"

"அம்மா ரசம்னா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு ரசச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பாவின் கணக்கில் இருபத்துநாலு. பதினோரு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு உயரம் பிடிக்கவில்லை, ஒருவருக்கு ஜாதகம், ஒருவருக்கு அவள் வேலைக்குப் போவது. ஒவ்வொரு ஜாதகம் வந்தபோதும் அக்கா எதிர்ப்பும் காட்டமாட்டாள், ஆசையும் காட்டமாட்டாள். லாமிங்டன் ரோடு கடைக்காரரைப்போலவே "சலேகா" என்பாள். பன்னிரண்டாவது செம்பூரிலிருந்து வந்தது. போட்டோவைப் பார்த்தவள் சலேகா சொல்லவில்லை. நான் டப்பாவுக்கு செல் மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவர் எங்க ஆபீஸ் இருக்கற பில்டிங்தான்டா. நாலாவது மாடி ஆபீஸ். நான் ஓடி வரேன்னு தெரிஞ்சா லிஃப்ட் கதவைப் பிடிச்சிண்டு நிப்பார். ஒரு வார்த்தை பேசினதில்லை." குரலைத் தாழ்த்தி, "இது நடந்தா தேவலை," என்றாள்.

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி செல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

தரகர் வந்து ஒரு எச்சரிக்கை கொடுத்தார். பையன் தங்கம். பையனின் பெரியப்பாதான் கஷ்டம். அவர் கௌளி சாஸ்திரத்தில் கரைகண்டவர். பல்லி எந்தக் கிழமையில் எந்தத் திக்கில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டிருக்குமே, அதை அவர் சம்பந்தம் பேசும் இடத்தில் எல்லாம் விரித்துவைப்பார். ஏற்கெனவே மூன்று இடம் பல்லியால் தட்டிப்போயிருக்கிறது. அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை.

அப்பா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பல்லியே இல்லாவிட்டால் கெட்ட பலனும் இல்லை. சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒட்டடைக் குச்சியோடு ஸ்டூலில் ஏறினார். நான் செருப்பு வந்த அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு கீழே நின்றேன். ஏழு பல்லிகள் அகப்பட்டன. கொல்வது பாவம் என்பதால் பெட்டியைக் கயிற்றால் கட்டி, இருவருமாக ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டு போனோம். காவல்காரன் பெட்டியில் என்ன என்று ஹிந்தியில் கேட்டான். அப்பாவுக்கு ஆபீஸ் ஹிந்திதான் தெரியும், அதில் பல்லி கிடையாது. நெடுநேரம் யோசித்து, "சாத் சிப்கலி" என்று சொல்லி ஏழு விரலையும் காட்டினார். காவல்காரன் எங்களுக்கு வழிவிட்டு ரொம்ப தூரம் தள்ளி நின்றுகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வந்தது, டிரம் நிரம்பியது, டச் டச் என்றது. அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

"எட்டாவது ஒண்ணு இருக்குடா."

மத்தியானம் வரைக்கும் அதைத் தேடினார். காலண்டருக்கு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் டப்பாவை எப்படி எடுப்பது? ஒயரையாவது டிரம்மிலிருந்து எடுத்துவிடலாம் என்று சமையலறைக்குப் போனால் அம்மா விடவில்லை. "மடியா சமைக்கறேன், உள்ள வராதே." அப்புறம் வெற்றிலை, பழம், புஷ்பம் வாங்க அனுப்பிவிட்டார்கள். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கழற்ற எனக்கு மனமும் வரவில்லை. சாயங்காலத்தில் எங்கள் பைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நான் பார்த்ததே கிடையாது. என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நான்கு மணிக்குச் செம்பூரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், பெரியப்பா. பெரியப்பா ஒல்லியாக, கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். துணிப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து திசைகாட்டும் காம்பஸ் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். கட்டடம் கட்ட வந்தவர் போலத்தான் இருந்தார். அக்கா காபி கொடுத்து, நமஸ்காரம் செய்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பையன் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசாறது?" என்று பெரியப்பா கேட்டார்.

"வர ஆவணிக்கு இருபத்துநாலு முடியறது," என்றார் அப்பா.

டச், டச், டச்.

அம்மா பழக்கதோஷத்தில் தரையைத் தட்டினாள். பக்கத்துத் தெருவில் பைப் ரிப்பேர் முடிந்து அன்றைக்கு வேளைகெட்ட வேளையில் தண்ணீர் விட்டார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் பைப் வழக்கம்போலத் திறந்தே இருந்தது.

பெரியப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "சத்யம். இருபத்துநாலுதான்."

வாழ்க்கையில் அப்பா சொன்ன ஒரே பொய்க்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு அது பொய் என்று தெரியும், பல்லிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. தன் நம்பிக்கையையே சந்தேகப்படவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார்.

நல்ல வார்த்தையோடு பல்லி நிறுத்தவில்லை. டிரம் நிரம்பியது நிரம்பியபடி இருக்க, அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றாள் ஒரு அத்தை, அதற்கும் டச் டச். எங்காத்துப் பிள்ளைக்குக் கோபமே வராது என்றாள் பையனின் அம்மா, அதற்கும். இன்னொரு அத்தை வாய்தவறி, இந்த வெயிலில் திரும்பிச் செம்பூர் போனால் மயக்கம் போட்டு விழுவேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கும் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அத்தோடு எல்லோருக்கும் பயம் பிடித்தது. எதைச் சொன்னாலும் பலித்துவிடும் என்று எட்டுப் பெரிய மனிதர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

"திக்கு பாத்துடணும்," என்றார் பெரியப்பா மெதுவாக. "எந்தப் பக்கம்?"

நான் அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். டப்பாவிலிருந்து வரும் அந்த மாதிரி சுருக்கமான சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மனிதக் காதால் சொல்லவே முடியாது. அப்பா ஜன்னல் என்றார், அம்மா பரண் என்றாள். அத்தைகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் கை காட்டினார்கள். பெரியப்பா எழுந்து நின்றார்.

"எல்லாரும் நடு ஹால்ல வந்து நில்லுங்கோ. கண்ணை மூடிக்கோங்கோ. காது சொல்ற பக்கம் விரலை நீட்டுங்கோ. நான் சொல்றவரைக்கும் திறக்கப்படாது."

பட்டுப்புடவைகளும் வேஷ்டிகளும் வட்டமாக நின்று, கண்ணை மூடி, ஆளுக்கு ஒரு திக்கில் விரலை நீட்டின. பெரியப்பாவும் மூடிக்கொண்டார். எனக்கு இதைவிட்டால் சந்தர்ப்பம் கிடைக்காது. நைசாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். டிரம் வழிந்துகொண்டிருந்தது. அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைப்பை மூடிக்கொண்டிருந்தாள். நான் கம்பிகளை வெளியே இழுத்து, முனைகளைத் துடைத்து மேடைமேல் போட்டேன்.

"இனிமே கத்தாது," என்றேன் ரகசியமாக.

கையெல்லாம் ஈரமாக ஹாலுக்குத் திரும்பினேன். ஏழு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். பையன் மட்டும் திறந்துகொண்டு என்னையே பார்த்தார். என் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு நல்ல பிள்ளையாக மறுபடியும் மூடிக்கொண்டார்.

"நின்னுடுத்து," என்று பெரியப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு பேருடைய விரல் மட்டும் காலண்டர் பக்கம் நீண்டிருந்தது. அது சரியான திக்கா என்று பார்க்கக் காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காலண்டரிடம் போனார். நான் கும்பிடாத தெய்வம் இல்லை. டெலிபோன் வில்லைக்குள் ஒரு காந்தம் இருக்கிறது.

முள் நடுங்கியது. பிறகு ஒரு சுற்றுச் சுற்றி லட்சுமியைப் பார்த்து நின்றது. பெரியப்பா ஓர் அடி பின்வாங்கினார், முள் ஜன்னலுக்குத் திரும்பியது. ஓர் அடி முன்னால் போனார், லட்சுமிக்கு வந்தது. பின்னும் முன்னுமாக ஐந்தாறு முறை நடந்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"இங்க நின்னா அது வடக்கு. அங்க நின்னா இது வடக்கு." காம்பஸைப் பையில் போட்டுக்கொண்டார். "திக்கு நிலைக்காத ஆத்துல பொண்ணு எடுக்கப்படாது. தப்பா நினைச்சுக்காதேங்கோ. புறப்படுங்கோ எல்லாரும்."

அத்தைகள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றதை நான் கேட்டேன். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பதினோரு இடம் மனிதர்களால் போயிற்று. இது ஒரு டெலிபோன் சாமானால் போகப்போகிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அது பல்லி இல்லை, நான் செய்தது, சுவர் ஊதவில்லை, உள்ளே காந்தம் இருக்கிறது. ஆனால் சொன்னால் என்ன நினைப்பார்கள்? அப்பா வயதைச் சொன்ன நொடியில் சத்தம் போட, ஒளித்துவைத்த டப்பா. மோசடிக் குடும்பம் என்று செம்பூர் முழுக்கப் பரவிவிடும். பதிமூன்றாவது ஜாதகமே வராது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"கொஞ்சம் இருங்கோ பெரியப்பா," என்று ஒரு குரல். அன்றைக்குப் பையன் பேசிய முதல் பேச்சு அது. "ரெண்டாம் வாக்குன்னு சொல்வேளே. இப்ப கேக்கப்படாதா?"

பெரியப்பா தயங்கினார். சாஸ்திரத்தில் அதற்கு இடம் இருந்தது போலிருக்கிறது. பஞ்சாங்கத்தைத் திறந்து ஒரு பக்கத்தை முணுமுணுத்துவிட்டு மூடினார்.

"கேக்கலாம். ஒரே தடவைதான். நான் நூத்தியெட்டு எண்ணறதுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா புறப்பட்டுடணும்." மேலே பார்த்துக் குரலை உயர்த்தி, உத்தரத்தில் யாரோ காது மந்தமானவர் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டார். "இந்தப் பொண்ணு எங்காத்துக்கு வரலாமா?"

எண்ண ஆரம்பித்தார். கம்பிகளைத் துடைத்து மேடைமேல் போட்டுவிட்டு வந்தவன் நான்தான். காய்ந்த கம்பி ஒன்றும் சொல்லாது. மறுபடியும் சமையலறைக்குப் போக வழியில்லை, எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். ஐம்பது, அறுபது என்று போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அப்பா, முந்தின நாள் ஏழு பல்லிகளைக் கொண்டுபோய்விட்ட தன் புத்தியை நொந்துகொண்டு சுவர் சுவராகப் பார்த்தார். எட்டாவது எங்காவது இருக்கட்டும் என்று அவர் வேண்டியிருப்பார். எண்பது. தொண்ணூறு. பெரியப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எண்ணினார்.

டச்டச்டச்டச்டச்டச்.

சற்று முன்னால் கேட்ட நிதானமான பல்லி இல்லை இது. அவசரமான பல்லி. மூச்சுவிடாமல் சொல்லியது. அம்மா இரண்டு கையாலும் தரையைத் தட்டினாள். பெரியப்பா எண்ணிக்கையை மறந்து நின்றார்.

"திக்கு? காம்பஸ் வேண்டாம். கல்யாணம் பண்ணிக்கப்போறவன் சொல்லட்டும். நீ சொல்லுடா, எந்தப் பக்கம்?"

பையன் யோசிக்கவில்லை. காபி டம்ளர் இருந்த கையாலேயே சமையலறைக் கதவைக் காட்டினார். "அங்கேர்ந்துதான்."

"வடகிழக்கு," என்றார் பெரியப்பா. பஞ்சாங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் விரலை ஓட்டினார். "வடகிழக்கு... சுபம். ஆஹா. சுபம்னு போட்டிருக்கு." பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

அவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பியபோது ஐந்தரை. அப்பா வடகிழக்கு மூலையில் நின்று, உத்தரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். எட்டாவது பல்லியை இந்த வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அம்மாவோ கற்பூரத்தை எடுத்துக்கொண்டு காலண்டர் பக்கம்தான் போனாள். அவளுக்குக் காம்பஸ் முள்ளின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நான் மட்டும் குழம்பிப்போயிருந்தேன். மேடையில் கிடந்த ஈரத்தில் கம்பி உருண்டிருக்குமா? அப்படியானால் ஏன் அவ்வளவு வேகம்?

சமையலறையில் அக்கா புடவையை மாற்றிக்கொண்டு, வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கம்பிகளைச் சுற்றிவைக்கலாம் என்று எடுத்தேன். மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிப் பச்சையும் கறுப்புமாக இருந்த செப்பு முனைகள். இப்போது வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தன. ஒரு முனையில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. மேடைமேல் மத்தியான ரசச் சொம்பு மூடாமல் இருந்தது.

நான் சொம்பைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"நீயா?"

அவள் தரையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தொண்ணூறுவரைக்கும் பாத்தேன்டா. யாராவது கேப்பாளான்னு. அப்பா கேக்கலை, அம்மா கேக்கலை. பக்கத்துல வந்து நின்னு சொன்னேன், நீயும் கேக்காத மாதிரி உக்காந்திருந்தே. எனக்குப் பிடிச்சிருக்கான்னு இந்தப் பன்னண்டு தடவையில என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. இன்னிக்கும் பல்லியைத்தான் கேட்டா." துணியை மோரியில் பிழிந்தாள். "அதான் பல்லி சொல்லித்து."

எனக்கு வெட்கமாக இருந்தது. மணியும் பஸ்ஸரும் டப்பாவுமாக, யாராவது திரும்பிப் பார்க்கவேண்டும் என்று ஒரு வருஷமாகச் சத்தம் செய்து அலைந்தவன் நான். ஒரே அறையில் இருந்துகொண்டு அவள் மெதுவாகச் சொன்னதற்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவளிடமிருந்து துணியை வாங்கி மீதித் தரையை நான் துடைத்தேன்.

"அக்கா, நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து, விரல் மடக்கி, ஈரத் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள்.